மாலை 6 மணிச் செய்தியின் கடமை: பிரிட்டனின் ஐடிவி வட்டார உரிமங்கள்

பிரிட்டனில் வார நாள் மாலை 6 மணிக்கு ஐடிவியைப் போட்டால், நாடு முழுவதும் ஒரே செய்தி வராது. மான்செஸ்டரில் இருப்பவருக்கு வடமேற்கு இங்கிலாந்தின் செய்தி வரும். நார்விச்சில் இருப்பவருக்குக் கிழக்கு ஆங்கிலியாவின் செய்தி, கார்டிஃபில் வேல்ஸ் செய்தி. அந்தந்தப் பகுதியின் நீதிமன்ற வழக்கு, மருத்துவமனை நெருக்கடி, நகராட்சித் தகராறு, ஆற்றில் வெள்ளம், உள்ளூர்க் கால்பந்து அணி என்று அரை மணி நேரம் போகும். ஐடிவி விளம்பர வருமானத்தில் ஓடும் தனியார் நிறுவனம். பிபிசிக்கு வீடுதோறும் வசூலாகும் கட்டணம் அதற்குக் கிடையாது. ஆனாலும் செலவு பிடிக்கும் இந்த வட்டாரச் செய்தியை அது நாள் தவறாமல் தருகிறது. அதன் உரிமத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், 287ஆம் பிரிவில், மூன்றாவது அலைவரிசையை (சட்டத்தில் ஐடிவி அலைவரிசைக்கு உள்ள பெயர்) நடத்துபவர்கள் தங்கள் வட்டாரத்துக்கான நிகழ்ச்சிகளையும் செய்தியையும் தர வேண்டும் என்கிறது. எவ்வளவு நேரம், எந்த வேளையில் என்பதை ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு உரிமத்தில் நிர்ணயிக்கிறது. மொத்தம் 15 வட்டார உரிமங்கள். காலை நேரத்துக்கு மட்டும் நாடு முழுவதற்கும் தனியாக ஒன்று. வட்டார உரிமங்களில் 13 இன்று ஐடிவி நிறுவனத்திடம் உள்ளன, ஸ்காட்லாந்தின் இரண்டு எஸ்டிவி என்ற வேறு நிறுவனத்திடம். லண்டனுக்கு மட்டும் இரண்டு உரிமங்கள்: வார நாட்களுக்கு ஒன்று, வெள்ளி மாலை தொடங்கும் வார இறுதிக்கு மற்றொன்று. இரண்டும் ஒரே கைக்கு வந்து பல ஆண்டுகளாகியும் 1955இல் தொடங்கிய அந்தப் பிரிவினை ஏட்டில் இன்னும் நிற்கிறது.

வட்டாரங்கள் எப்படி வந்தன

1954ஆம் ஆண்டுச் சட்டம் பிபிசியின் தனியுரிமையை முடித்து வைத்தது. வணிகத் தொலைக்காட்சியை மேற்பார்வையிட ஓர் ஆணையம் அமைந்தது. ஒளிபரப்புக் கோபுரங்களை ஆணையம் தன் வசம் வைத்துக்கொண்டது. நிகழ்ச்சி தயாரிப்பதும் விளம்பரம் விற்பதும் நிறுவனங்களின் வேலை. புதிய அலைவரிசை முழுவதும் ஒரே முதலாளியிடம் போய்விடக்கூடாது என்பதற்காக நாடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. 1955 செப்டம்பர் 22 அன்று லண்டனில் தொடங்கிய ஒளிபரப்பு, 1962இல் சானல் தீவுகள் வரை எட்டியது. தேசியச் செய்திக்கு ஐடிஎன் என்ற பொது நிறுவனம் இருந்தது. உள்ளூர்ச் செய்தி அந்தந்த உரிமதாரரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை ஒரு நிறுவனம் துணிந்து எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பது 1958 பிப்ரவரியில் தெரிந்தது. ராக்டேல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். தேர்தல் பிரசாரத்தைத் தொலைக்காட்சியில் காட்டுவது சட்டச் சிக்கல் என்று அதுவரை எல்லோரும் ஒதுங்கியே இருந்தார்கள். மான்செஸ்டரிலிருந்து இயங்கிய கிரனாடா ஒதுங்கவில்லை. வேட்பாளர்களைத் திரையில் பேச வைத்தது. பிரிட்டனில் தேர்தல் களம் வீட்டுக்குள் வந்தது, தலைநகருக்கு வெளியே இருந்த ஒரு வட்டார நிறுவனத்தின் வழியாகத்தான்.

வட்டார எல்லைகள் மக்களின் ஊர்ப்பற்றை வைத்து வரையப்படவில்லை. கோபுரத்தின் அலை எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் கணக்கு. பிரிஸ்டல் கால்வாயின் இரு கரையையும் ஒரே கோபுரத்தின் அலை எட்டியதால், தெற்கு வேல்ஸும் மேற்கு இங்கிலாந்தும் ஒரே உரிமத்தில் கட்டப்பட்டன. வேல்ஸ் முழுவதற்கும் தனி உரிமம் கிடைக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவே வடக்கிலும் மேற்கிலும் வேல்ஸுக்கென 1962இல் தொடங்கிய நிறுவனம் இரண்டே ஆண்டுகளில் நொடித்துப்போய், பக்கத்து உரிமதாரரிடம் சேர்ந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் டெலிவிஷன் உரிமையாளர் ராய் தாம்சன், இந்த உரிமம் பணம் அச்சடிக்கும் உரிமம் என்று சொன்னார். விளம்பரம் கொட்டும் இடத்தில் செல்வம், மக்கள் குறைந்த இடத்தில் திவால் என்று அந்த ஏற்றத்தாழ்வு தொடக்கத்திலேயே இருந்தது.

உரிமத்துக்கு அப்போது பல் இருந்தது. 1980இல் நடந்த மறுஆய்வில் சதர்ன், வெஸ்ட்வார்டு என்ற இரு நிறுவனங்கள் உரிமத்தை இழந்தன. இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸை வைத்திருந்த ஏடிவி பெரிய நிறுவனம். ஆனால் லண்டனை ஒட்டிய எல்ஸ்ட்ரீயில் பெரிய ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு மிட்லண்ட்ஸை ஒப்புக்குக் கவனிக்கிறது என்ற குறை அதன்மேல் இருந்தது. பெயரை மாற்று, உள்ளூர்ப் பங்குதாரர்களைச் சேர், கிழக்கு மிட்லண்ட்ஸுக்குத் தனிச் செய்தி கொடு என்று ஆணையம் கட்டளையிட்டது. சென்ட்ரல் என்ற பெயரில் 1982 ஜனவரி 1 முதல் அது இயங்கியது, நாட்டிங்காமில் புதிய ஸ்டூடியோவும் கட்டியது. ஒழுங்குமுறை அமைப்பு மனம் வைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் இந்த வரலாற்றில் பார்க்கவில்லை.

உரிமம் ஏலத்துக்கு வந்தது

1990ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் இந்த மறுஆய்வு முறையைத் தலைகீழாக்கியது. தர வரம்பைத் தாண்டியவர்களில் அதிகத் தொகை கேட்டவருக்கே உரிமம். முத்திரையிட்ட உறையில் கேள்வித்தொகை. 1991 அக்டோபர் 16 அன்று முடிவு வந்தது. போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சரியாகக் கணித்த சென்ட்ரலும் ஸ்காட்டிஷும் ஆண்டுக்கு 2,000 பவுண்டு கேட்டு, அதே தொகைக்குப் பெரிய வட்டாரங்களைத் தக்கவைத்துக்கொண்டன. யார்க்ஷயரோ 3 கோடியே 77 லட்சம் பவுண்டு கேட்டிருந்தது. லண்டனின் தேம்ஸ், கார்ல்டன் கேட்ட கூடுதல் தொகையிடம் தோற்றது. தென்கிழக்கின் டிவிஎஸ் மிக அதிகமாகக் கேட்டதால், அந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டு நிறுவனத்தை நடத்த முடியாது என்று நிராகரிக்கப்பட்டது. காலை நேர டிவி-ஏஎம் உரிமம் இழந்தபோது, இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மார்கரெட் தாட்சரே அதன் தலைவருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

ஏலத்தில் கட்ட வேண்டிய தொகை ஏறியதும் எங்காவது சிக்கனம் பிடிக்க வேண்டும். நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. 1992இல் யார்க்ஷயர் நிறுவனம் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் டீஸ் நிறுவனத்தை வாங்கியது. 1994இல் கார்ல்டன் சென்ட்ரலையும், கிரனாடா லண்டன் வார இறுதி நிறுவனத்தையும் வாங்கின. 2004இல் கார்ல்டனும் கிரனாடாவும் இணைந்து ஐடிவி நிறுவனமாயின. இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. உரிமங்கள் தனித்தனியாகத் தொடர்ந்தன, முடிவெடுக்கும் இடம் லண்டனாயிற்று.

அடுத்த அடி 2009இல் விழுந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பில் நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் வந்தபின், ஐடிவி கையிலிருந்த அலைக்கற்றையின் அருமை குறைந்தது. கடமையைச் சுமக்கும் அளவுக்கு உரிமத்தில் லாபம் இல்லை என்று நிறுவனம் வாதிட்டது, ஆஃப்காம் ஒப்புக்கொண்டது. 17 வட்டாரச் செய்திச் சேவைகள் 9 ஆகச் சுருங்கின. மோசமாக அடிபட்டது பார்டர். இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையின் இருபுறமும் பரவிய சிறு வட்டாரம் அது, தலைமையிடம் கார்லைல். அங்கே தயாரான ‘லுக்அரவுண்ட்’ என்ற மாலைச் செய்தி, டைன் டீஸுடன் இணைக்கப்பட்டு, கேட்ஸ்ஹெட்டிலிருந்து வரத் தொடங்கியது. எல்லைக்கு வடக்கே வாழும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நியூகாசில் பக்கத்துச் செய்தி. இதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்களும் எம்.பி.க்களும் விடாமல் எதிர்த்தார்கள். 2013 செப்டம்பரில் பார்டருக்குத் தனிச் செய்தி திரும்பியது, 2014 ஜனவரியில் எல்லைப்புற ஸ்காட்லாந்து அரசியலுக்கென ஒரு நிகழ்ச்சியும் சேர்ந்தது. பதிலுக்கு, பல வட்டாரங்களில் அரை மணிச் செய்திக்குள் அந்த வட்டாரத்துக்கே உரிய பகுதி 20 நிமிடமாகக் குறைய அனுமதி கிடைத்தது.

இடையில் அரசு வேறு வழிகளையும் தேடியது. தனி நிதியில் இயங்கும் செய்திக் கூட்டமைப்புகளுக்கு 2010 மார்ச்சில் ஆள்கூடத் தேர்வானார்கள். மே மாதம் ஆட்சி மாறியது, ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த நகரத் தொலைக்காட்சித் திட்டத்துக்கு பிபிசி கட்டணத்திலிருந்து 4 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அதன் முகமாக இருந்த லண்டன் லைவ் 2014இல் தொடங்கி, 2025 ஜனவரியில் மூடப்பட்டது.

பார்வையாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை

தற்போதைய உரிமங்கள் 2025 ஜனவரி 1 முதல் 2034 இறுதி வரை செல்லும். கடமைக்குப் பதிலாக நிறுவனத்துக்குக் கிடைப்பது டிஜிட்டல் அலைக்கற்றையில் இடமும், நிகழ்ச்சிப் பட்டியலில் 3ஆம் எண் என்ற முன்வரிசையும். 2024ஆம் ஆண்டின் ஊடகச் சட்டம் இந்த முன்னுரிமையை இணையத் தொலைக்காட்சிகளின் முகப்புக்கும் நீட்டுகிறது. ஆன்டெனா வைத்திருப்பவருக்கு எந்தக் கோபுரத்தின் அலை வருகிறதோ அந்த வட்டாரச் செய்தி. செயற்கைக்கோள் வழியாகப் பார்ப்பவருக்கு அஞ்சல் குறியீடு தீர்மானிக்கும். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழர்களுக்கு வருவது லண்டன் செய்தி. அத்தனை பெரிய நகருக்கும் அது ஒன்றே என்பதால் ஒரு பேட்டையின் செய்தி அதில் இடம்பிடிப்பது கடினம்.

செய்தி தவறாகவோ ஒருபக்கச் சாய்வாகவோ வந்தது என்று பட்டால், ஒளிபரப்பான நாளிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் ஆஃப்காமுக்குப் புகார் அனுப்பலாம். அதற்குப் பணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. வட்டாரச் செய்தியின் நேரத்தையோ எல்லையையோ பெரிய அளவில் மாற்ற நிறுவனம் கேட்கும்போது, ஆஃப்காம் வழக்கமாகத் தன் இணையதளத்தில் கருத்துக் கேட்பு ஆவணம் வெளியிடும். குடியுரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, எவரும் எழுதலாம். எந்த ஊரின் எந்தச் செய்தி இதனால் விடுபடும் என்று குறிப்பாக எழுதுங்கள், கடைசித் தேதியை முதல் பக்கத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.