பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வந்தால் கார் இன்சூரன்ஸ் குறையுமா?

ஓசூரில் வீடு வாங்கிக் குடிவருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "பெங்களூரை விட்டு வந்துட்டோம் சார், இனிமே கார் பிரீமியம் குறையும்ல?" அமெரிக்காவில் இருக்கும் மச்சான், பின்கோடு மாறினாலே அங்கே பிரீமியம் மாறும் என்று சொல்லியிருப்பார். அங்கே அது உண்மை. இங்கே கணக்கு வேறு.

உங்கள் பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தேர்டு பார்ட்டி, அதாவது நம் காரால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி. இதன் தொகையை அரசே அறிவிக்கிறது, இந்தியா முழுக்க ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பில் 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 3,416 ரூபாய் (ஜிஎஸ்டி தனி). நீங்கள் அரூரில் இருந்தாலும் அந்தேரியில் இருந்தாலும் அதே தொகைதான். ஆகவே வீடு மாறுவதால் இதில் ஒரு பைசாவும் கூடாது, குறையாது.

இன்னொன்று ஓ.டி., அதாவது நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி. ஊர் கணக்கில் வருவது இதில்தான். பழைய கட்டண முறையில் நாடு இரண்டு மண்டலம். சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ஏ மண்டலம். மீதி ஊர்கள் எல்லாம் பி. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் மூன்றும் பி-தான். 2007 ஜனவரியிலிருந்து ஓ.டி. விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஆனாலும் அந்தப் பழைய அட்டவணையைப் போட்டுவிட்டு அதன்மேல் தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் போகவில்லை.

சரி, வித்தியாசம் எவ்வளவு? 1,197 சிசி கார், வயது ஐந்துக்குள், மதிப்பு (ஐ.டி.வி.) 6 லட்சம் என்று வையுங்கள். அட்டவணைப்படி ஏ மண்டலத்துக்கு 3.283 சதவீதம், 19,698 ரூபாய். பி மண்டலத்துக்கு 3.191 சதவீதம், 19,146 ரூபாய். வித்தியாசம் 552. மூன்று வருஷம் கிளெய்ம் இல்லாமல் 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருந்தால் அந்த வித்தியாசமும் 359 ஆகிவிடும். கம்பெனித் தள்ளுபடி போனால் இன்னும் கீழே. இந்தத் தொகைக்காக யாரும் வீடு மாற மாட்டார்கள்.

அதுவும் தானாகக் கிடைக்காது. மண்டலம் என்பது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல, வண்டி எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கே.ஏ. 51 நம்பரோடு ஓசூர் வீட்டு வாசலில் நிற்கும் கார், கம்பெனிக் கணக்கில் பெங்களூர் கார்தான். இதே கதை திருப்பியும் உண்டு. தருமபுரியிலிருந்து வேலைக்காகச் சென்னை போகிறவரின் டி.என். 29 நம்பர் மாறாது. மாநிலத்துக்குள் மாறினால் ஆர்.சி.யில் முகவரியைத்தான் மாற்ற வேண்டும், புது நம்பர் தேவையில்லை. இப்போது சில கம்பெனிகள் ஆர்.டி.ஓ. வாரியாகக் கிளெய்ம் பார்த்தும் தள்ளுபடி வைக்கின்றன. அதனால் ஒரே காரை டி.என். 24 (கிருஷ்ணகிரி), டி.என். 70 (ஓசூர்) என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால் தொகை கொஞ்சம் நகரலாம்.

பிரீமியத்தில் இல்லாத செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும் பரபரப்பில் பீரோ, கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் டிசி எல்லாம் ஞாபகம் இருக்கும். பாலிசி தேதி இருக்காது. ஒரு வாடிக்கையாளர், வங்கி ஊழியர், பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு மாற்றலாகி வந்தார். கர்நாடக செல்போன் நம்பரை விட்டுவிட்டார், ரினியூவல் மெசேஜ் அதற்கே போய்க்கொண்டிருந்தது. "புதுக் காருங்க, மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிட்டேனே" என்றார். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு மூன்று வருஷம் கட்டாயம் என்பது தேர்டு பார்ட்டிக்கு மட்டும்தான். அவருடைய ஓ.டி. ஒரு வருஷத்திலேயே முடிந்திருந்தது. ஷோரூமில் இதைச் சொல்லியிருப்பார்கள். சாவி வாங்கும் அன்றைக்கு யார் காதில் விழும்?

முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்திருந்தால் போனஸ் தப்பியிருக்கும். அவர் அதையும் தாண்டிவிட்டார். முதல் வருஷத்து 20 சதவீதம் போயிற்று. மேலே சொன்ன 35 சதவீதக் காருக்கு இப்படி நடந்திருந்தால் இழப்பு 6,701 ரூபாய் (பி மண்டலத்து 19,146-இல் 35 சதவீதம்). 359-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன். விட்டுப்போன ஓ.டி.யை மறுபடி எடுக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். கம்பெனி அனுப்பிய லிங்க்கைத் திறந்து நான்கு பக்கமும் படம், ஓடிய கிலோமீட்டர், கண்ணாடி, கடைசியில் சேசிஸ் எண். புழுதி மண்டி எண்ணே தெரியவில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துத் தேய்த்துத்தான் படம் தெளிந்தது. பின் பம்பரில் இருந்த கீறல் பழைய சேதம் என்று பதிவாகிவிட்டது. இனி அதற்குக் கிளெய்ம் கிடையாது.

வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் பதிவையும் மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி முகவரி மாறினால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்து நம்பர் வாங்க வேண்டும். இதற்குப் பழைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), லோன் இருந்தால் வங்கியின் சம்மதம், இங்கே சாலை வரி என்று வேலை நீளும். கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக்காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

புது நம்பர் வந்த பிறகு பாலிசியில் மாற்றாமல் விடுவதுதான் பெரிய தலைவலி. முகவரி பழையது என்பதற்காக மட்டும் கிளெய்மைத் தள்ளியதை நான் பார்த்ததில்லை. நம்பர் மாறியிருந்தால் கதை வேறு. பாலிசியில் கே.ஏ. நம்பர், ஆர்.சி.யில் டி.என். 70. சேசிஸ் எண்ணை வைத்து ஒரே வண்டி என்று நிரூபித்துவிடலாம்தான். ஆனால் அதுவரை கேஷ்லெஸ் (ஒர்க்‌ஷாப்புக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டுவது) அனுமதி வராது, ஒர்க்‌ஷாப்பில் கார் தூசி படிந்து கிடக்கும்.

கேஷ்லெஸ் என்றதும் இன்னொன்று. பெங்களூரில் தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் உங்கள் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் இருந்திருக்கும். தருமபுரிப் பக்கம் வந்தால் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயில் வண்டி மாட்டி, சேலத்துக்குக் கட்டி இழுக்க வேண்டி வந்தால் சாதாரண பாலிசியில் அதற்கு உச்சவரம்பு 1,500 ரூபாய். மேலே ஆவது உங்கள் பாக்கெட்டிலிருந்து. குடிமாறிய வருஷம் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்க்கலாமா என்று கேட்டால் சேருங்கள் என்றுதான் சொல்வேன். பிரீமியம் குறையுமா என்று கேட்டு வருகிறவருக்கு இது பிடிப்பதில்லை.

வீடு மாறிய வாரமே செல்போன் நம்பரையும் மெயிலையும் கம்பெனியில் மாற்றிவிடுங்கள், அதற்குச் செலவில்லை. ஆர்.சி. கைக்கு வந்ததும் அதன் நகலைக் கொடுத்து எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியில் மாற்றத்தைப் பதிந்து தரும் இணைப்பு, கேளுங்கள். ஏ-யிலிருந்து பி-க்கு வந்திருந்தால் மீதி நாளுக்கு ஏதாவது திரும்ப வருமா என்றும் கேளுங்கள். எதிர்த் திசையில் போகிறவர்களிடம் கூடுதல் கேட்பார்கள். எண்டார்ஸ்மெண்ட் மெயிலில் வந்தால் புது நம்பரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண், வங்கியின் பெயர், போனஸ் சதவீதம் நான்கையும் ஆர்.சி.யோடும் பழைய பாலிசியோடும் ஒத்துப்பாருங்கள். தட்டச்சில் ஒரு எழுத்து தவறியிருந்தால் அன்றைக்கே திருத்திக் கேட்டு வாங்குவது சுலபம்.