கலோரி எண் கிடைத்தது, அது எவ்வளவு உணவுக்கு?

துரித உணவுக் கடையில் கலோரி விவரம் தேடுபவர்களில் பலர் ஏதோ ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அது எவ்வளவு உணவுக்கான எண் என்பதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். பீட்சாவுக்குப் பெரும்பாலும் ஒரு துண்டின் கணக்கு மட்டுமே இருக்கும். 280 என்று போட்டிருந்தால், நான்கு துண்டு சாப்பிடுபவருக்கு அது 1120. சில பட்டியல்கள் 100 கிராமுக்குக் கணக்குச் சொல்லும். பர்கரின் எடை 220 கிராம் என்றால் 2.2ஆல் பெருக்க வேண்டும். காம்போவுக்கு '650–1100' என்று இருந்தால், சிறிய எண் பெரும்பாலும் சர்க்கரையில்லாத பானம் எடுப்பவருக்கானது. கலோரிக்குப் பதிலாக கிலோஜூல் (kJ) என்ற அலகில் இருந்தால் 4.184ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணே இல்லாத கடைகளும் ஏராளம். சட்டங்கள் பெரிய நிறுவனங்களைத்தான் கட்டாயப்படுத்துகின்றன: அமெரிக்காவில் 2018 முதல் 20 கிளைகளுக்குக் குறையாத தொடர்கடைகள், இங்கிலாந்தில் 2022 முதல் 250 பணியாளர்களுக்குக் குறையாத நிறுவனங்கள்.

பெரிய கடையின் பலகையில் காணோம் என்றால் அதன் இணையதளத்தில் ஊட்டச்சத்து அட்டவணையைத் தேடுங்கள். உங்கள் நாட்டுத் தளத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பெயருள்ள பர்கரில்கூட ரொட்டியின் அளவும் சாஸும் நாட்டுக்கு நாடு மாறும். செயலிகளில் வரும் எண்களைப் பயனர்களே பதிந்திருக்கக்கூடும் என்பதால் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு (கார்போஹைட்ரேட்) 4, புரதத்துக்கு 4 கலோரி. கொழுப்பு 25, மாவுச்சத்து 40, புரதம் 20 கிராம் என்றால் 225 + 160 + 80 = 465. செயலி 300 என்று காட்டினால் அந்தப் பதிவை நம்ப வேண்டாம்.

சிறு கடையில் உணவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிடலாம். ஒரு பர்கரில் 60 கிராம் பன் சுமார் 160, நடுவில் வைக்கும் வெந்த மாட்டிறைச்சி வட்டு (patty) 100 கிராம் சுமார் 250, ஒரு சீஸ் ஸ்லைஸ் 60 முதல் 80, ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் 90 முதல் 100. மொத்தம் ஏறத்தாழ 570. உருளைக்கிழங்கு வறுவல் (ஃபிரெஞ்ச் ஃபிரைஸ்) 100 கிராமுக்குச் சுமார் 310. மற்றவற்றுக்கு அமெரிக்க வேளாண் துறையின் 'ஃபுட்டேட்டா சென்ட்ரல்' தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் சாஸிலும் பானத்திலும்தான். சாலட்டுக்கான எண்ணில் டிரெஸ்ஸிங் பாக்கெட் சேராமல் இருக்கலாம். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. மயோனைஸைக் கையால் பிழியும்போது ஒரு கரண்டி இரண்டாகிவிடுவது சாதாரணம். அதனால் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உணவுக்கு ஏற்ப மருந்தின் அளவை மாற்றச் சொல்லி உங்கள் மருத்துவர் கற்றுத் தந்திருந்தால், அதற்கு அடிப்படை மாவுச்சத்து கிராம்தான். கலோரியை வைத்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். பலகையில் கலோரி மட்டும் இருந்தால், ஆர்டர் கொடுக்கும் முன்பே முழு அட்டவணையைத் திறந்து மாவுச்சத்து வரிசையைப் பாருங்கள்.