ஆல்பம் என்றால் வெள்ளை

கல்யாண வீட்டில் ஆல்பம் என்றால் கனமான போட்டோப் புத்தகம். பாட்டுக் கேட்பவர்களிடம் கேட்டால், ஒரு குழு சேர்த்து வெளியிடும் பாடல்கள் என்பார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வந்தது எப்படி?

லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் அறிவிப்புகளை எழுதிப் பொதுவிடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைதான் 'அல்பும்'. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் இரண்டு வரியும் வாங்கிவைத்த நோட்டுக்கு அந்தப் பெயர் போனது. நம் பள்ளிக் கடைசி நாள் ஆட்டோகிராப் நோட்டேதான். அப்புறம் தபால்தலை, போட்டோ.

பாட்டுக்கு வந்தது சேமிப்புச் சிக்கலால். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் அடங்கும். நீண்ட இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் செருகி, போட்டோ ஆல்பம் போல அட்டை போட்டு விற்றார்கள். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. (லாங் ப்ளே) தட்டைக் கொண்டுவந்ததும் எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போயிற்று, பெயர் நின்றது.

வெள்ளை என்ற பழைய அர்த்தம் தன்னையறியாமல் திரும்பி வந்த ஓர் ஆல்பம் உண்டு. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் முதல் ஆல்பம் 'ப்ளீச்'. அதை 1989 ஜூனில் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் வெளியிட்டது. ஊசிகளை ப்ளீச் ஊற்றிக் கழுவுங்கள் என்று போதைப் பழக்கத்தினருக்குச் சொன்ன எய்ட்ஸ் தடுப்புச் சுவரொட்டியிலிருந்து வந்த பெயர். ப்ளீச் என்றால் வெளுப்பது. முதல் 1,000 பிரதிகளும் வெள்ளைத் தட்டில்தான் அச்சாயின.

பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். பணம் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். அட்டையில் கிதார் கலைஞராக அவர் பெயரும் படமும் இருக்கும். ஆனால் ஒரு பாட்டிலும் அவர் வாசிக்கவில்லை. இப்படிப்பட்டவருக்குத் தமிழில் சொல் உண்டு: தொகுப்பித்தவர்! அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்று நம் மரபு பிரித்தே சொல்கிறது.

'ப்ளீச்' வந்தபோது கல்லூரி வானொலிகள் ஆதரித்தன, அமெரிக்க விற்பனைப் பட்டியல் கண்டுகொள்ளவில்லை. சுமார் 40,000 பிரதிகள் விற்றன. 1991-இல் அதே குழுவின் அடுத்த ஆல்பமான 'நெவர்மைண்ட்' வெடித்த பிறகுதான் ஆட்கள் திரும்பிப் போய் இதை வாங்கினார்கள். 1992-இல் மறுவெளியீடு கண்டு அந்தப் பட்டியலில், அதாவது பில்போர்டில், 89-ஆம் இடம் வரை ஏறியது. சப் பாப் விற்றவற்றிலேயே அதிகம் விற்றது இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இசைத்தட்டு' பொருந்தாது; அது பொருளின் பெயர், உள்ளடக்கத்தின் பெயர் அல்ல. குறுந்தொகை, கலித்தொகை வழியில் 'இசைத்தொகை' என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைக்குத் தொகை என்றால் பணம். பாடகருக்கு வரவேண்டிய பாக்கி போலத் தொனிக்கும். 'இசைத்தொகுப்பு' போதும். போட்டோ ஆல்பத்துக்கு 'படத்தொகுப்பு' வேண்டாம், அதை சினிமா எடிட்டிங் எடுத்துக்கொண்டுவிட்டது. 'ஒளிப்பட ஏடு' எனலாம்.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காக வகுக்கிறது. தனியே நிற்கும் ஒற்றைப் பாட்டு முத்தகம், பல பாட்டு சேர்ந்தது தொகைநிலை, ஒரே கதையாகப் போவது தொடர்நிலை. ராக் உலகின் சிங்கிள், ஆல்பம், கான்செப்ட் ஆல்பம் எல்லாம் இதில் அடங்கிவிடும்.

இங்கே சினிமாவில் வராத ஒரே ஒரு பாட்டை யூட்யூபில் போட்டுவிட்டு 'ஆல்பம் சாங்' என்கிறார்கள். அது ஆல்பமே இல்லை, தனிப்பாடல்.