எட்டு மாதத்தில் பிறந்தால் பிழைக்காதா?

“ஏழு மாசத்துல பொறந்தது பொழைச்சுக்கும், எட்டு மாசத்துல பொறந்தது நிக்காதுன்னு எங்க அம்மாயி சொல்றாங்க. நெசமாங்க?” கோபிச்செட்டிபாளையத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு 33 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தை ஓயாமல் முனகுகிறதாம்.

நெசமில்லைங்க. இந்த நம்பிக்கை பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இருக்கிறது, அங்கேயும் தப்புதான். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்.

37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். கதகதப்பு, தாய்ப்பால், கிருமி அண்டாத சுத்தம், அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும் கங்காரு முறை, இதெல்லாம் வேண்டும். ஆனால் முதல் கண்டம் மூச்சுதான்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. நீரின் பரப்பு இழுவிசை அறையை உள்நோக்கிச் சுருக்கப் பார்க்கும். அறை சிறியதாக ஆக, அந்த அழுத்தம் கூடும். ஒரு குழாயின் இரு முனைகளிலும் சின்னதும் பெரியதுமாக இரண்டு சோப்புக் குமிழிகளை ஊதி இணைத்தால், சின்னதிலிருக்கும் காற்று பெரியதற்குள் போய், சின்னது காணாமல் போய்விடும். அப்படியானால் நம் சின்னக் காற்றறைகள் ஏன் மூடிக்கொள்வதில்லை?

காற்றறைச் சுவரிலுள்ள சில செல்கள் ‘சர்ஃபாக்டன்ட்’ என்ற கொழுப்புக் கலவையைச் சுரக்கின்றன. அதன் முக்கிய மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் பால்மிடிக் அமிலத்தாலான இரண்டு நேரான வால்கள். ஆமாம், ரேஷன் கடைப் பாமாயிலில் இருக்கும் அதே அமிலம்தான்! மூச்சை விடும்போது அறை சுருங்குகிறது. மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இழுவிசை கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. இழுக்கும்போது அறை விரிகிறது, அவை விலகுகின்றன, இழுவிசை ஏறுகிறது. மூடிக்கொள்ளும் ஆபத்து எப்போது அதிகமோ, அப்போதுதான் பாதுகாப்பும் அதிகம். எந்த உத்தரவும் இல்லாமல், வெறும் நெரிசலே இதைச் செய்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

இந்தச் சுரப்பு சுமார் 24 வாரத்தில் தொடங்கி, 35 வாரத்தை ஒட்டித்தான் போதுமான அளவை எட்டும். அது போதாத குழந்தை குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விடும். அறைகள் முழுதாக மூடாமலிருக்கக் கொஞ்சம் காற்றை உள்ளேயே தேக்கும் தந்திரம். அந்தச் சத்தம்தான் முனகல். மூக்கில் குழாய் வைத்து ஆஸ்பத்திரியில் செய்வதும் இதேதான். மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் 5 செ.மீ. ஆழத்தில் குமிழியிட்டால், அதே அளவு நீர் அழுத்தம் நுரையீரலுக்குள்ளும் நிற்கும்.

இந்த மூச்சுச் சிக்கலுக்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஏவரியும் மீடும் காட்டியது 1959-இல். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 34 வாரத்தில் பிறந்து, இதே சிக்கலால் இரண்டு நாள்கூட இருக்கவில்லை. மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஃபுஜிவாரா 1980-இல் வெளியிட்டார். இன்றும் ஒரு குப்பி ஆயிரக்கணக்கில் விலை. இதை மலிவாக்கும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதைவிட மலிவான வழியும் உண்டு. 34 வாரத்துக்கு முன் வலி வந்தால், தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்; அது குழந்தையின் சுரப்பை முடுக்கிவிடும். முழுப் பலனுக்கு ஒரு நாளாவது தேவை. அதனால் வலி கண்டதும் ராகுகாலம் எமகண்டம் பார்க்காமல் கிளம்புங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி போட முடியுமா என்று கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.