மணலுக்குள் புதையும் மட்டி தொட்டியைக் கிளறுமா?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்த மணல் சில மாதங்களில் பழுப்புப் பாசி படிந்து, ஆங்காங்கே கட்டிதட்டிப் போகும். கண்ணாடி வழியே பார்த்தால் அடியில் கறுப்புத் திட்டுகள் தெரியும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். மணலுக்குள் புதையும் மட்டி, அதாவது சிப்பி போல இரட்டை ஓடுள்ள உயிர், நாலைந்தைப் போட்டால் அதுவே கிளறிவிடும் என்ற யோசனை அப்போதுதான் வரும். மட்டி உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த யோசனை எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அந்தக் கறுப்பு. மணலுக்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். மேல்பரப்பில் வாழும் பாக்டீரியாக்களே அதைத் தீர்த்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை ஆக்சிஜனுக்குப் பதிலாக, மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட்டைப் பயன்படுத்தி அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகின்றன. தொட்டிக்கு இது பெரிய நன்மை. இன்னும் ஆழத்தில் நைட்ரேட்டும் கிடைக்காது. ஆனால் கடல்நீரில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமே இல்லை, லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் இருக்கிறது. அதை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு.

இனி மட்டி. கையில் எடுத்தால் கல் மாதிரி மூடிக்கொள்ளும் அதை ஈர மணல்மேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டின் விளிம்பு மெல்லத் திறக்கும். வெளிறிய நாக்குபோல ஒரு தசை எட்டிப் பார்த்து, மணலைத் தடவி, கீழே நுழையும். அதுதான் அதன் கால். நுழைந்ததும் காலின் நுனிக்கு ரத்தம் பாய்ந்து அது உப்பிவிடும். மணலில் நங்கூரம் விழுந்தாயிற்று. அடுத்த நொடி இரண்டு ஓடுகளும் படக்கென மூடும். உள்ளிருந்த நீர் வெளியே பீச்சியடித்துச் சுற்றியுள்ள மணலை இளக்கும். காலின் தசைகள் சுருங்கி, ஓட்டை முன்னும் பின்னும் ஆட்டியபடி கீழே இழுக்கும். பிறகு ஓடு மறுபடி விரிந்து மணலில் இறுகப் பிடித்துக்கொள்ள, கால் இன்னும் ஆழம் தேடும்.

ஓடுகளை மூடத்தான் மட்டிக்குத் தசை உண்டு, திறக்கத் தசை கிடையாது. கீல் பகுதியில் உள்ள மீள்தன்மை கொண்ட நார்தான் ஸ்பிரிங் போல ஓட்டை விரிக்கிறது. மட்டியை வேகவைத்தால் வாய் பிளப்பதும் இதனால்தான். மூடிப் பிடித்திருந்த தசை பிடியை விட்டுவிடுகிறது, ஸ்பிரிங் தன் வேலையைச் செய்கிறது.

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும், சவரக்கத்தி போல நீண்ட ஒரு மட்டியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அதன் தசை வலிமையைக் கணக்கிட்டால் இறுகிய மணலில் ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்க முடியும். ஆனால் அது 70 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. ஓடுகளைச் சட்டென மூடும்போது உண்டாகும் வெற்றிடத்துக்குள் நீர் பாய்கிறது. சுற்றியுள்ள மணல் ஒரு கணம் புதைமணலாகக் குழைகிறது. குழைந்த மணலில் நழுவுவது எளிது. இதே உத்தியில் இயங்கும் ஒரு கருவியையும் அவர்கள் செய்தார்கள்.

இவ்வளவு அருமையாகத் தோண்டும் உயிர், தோண்டி முடித்ததும் என்ன செய்கிறது? பெரும்பாலான மட்டிகள் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. இரண்டு குழல்களை மேலே நீட்டி, ஒன்றால் நீரை இழுத்து, மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று, மற்றொன்றால் நீரை வெளியே விடுகின்றன. ஓடு மூடும்போதெல்லாம் கொஞ்சம் நீர் மணலுக்குள்ளும் போகும், அந்த இடத்தில் ஆக்சிஜன் எட்டும். ஆனால் மண்புழு போல மண்ணைப் புரட்டுவதில்லை. வடிகட்டியதில் வேண்டாததைச் சளியில் உருட்டித் துப்புவதால் நீர் தெளியும், மணலுக்கோ எரு சேரும். குழலை நீட்டி மணல்பரப்பைத் துழாவித் தின்னும் டெல்லின் வகை மட்டிகள்தான் கிளறுவதற்குச் சற்று அருகில் வருகின்றன.

எனக்குப் பெரிய கவலை பசிதான். நாம் கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரும் ஃபில்டரும் வைத்து நீரைக் கண்ணாடியாக வைத்திருக்கிறோம். மட்டிக்கு அது வெறும் தட்டு. மாதக்கணக்கில் மெல்ல இளைத்து, மணலுக்குள்ளேயே செத்துப்போகும். யாருக்கும் தெரியாது. சிறிய தொட்டியில் ஒரு பெரிய மட்டி அழுகினாலே அம்மோனியா ஏறி மீன்கள் சாகலாம்.

கிளறுவதுதான் நோக்கம் என்றால் நாசாரியஸ் நத்தைகள் மேல். பகலில் மணலுக்குள் மூக்குக்குழலை மட்டும் நீட்டிப் படுத்திருக்கும். தீனி வாசம் பட்டதும் மணலைப் பிளந்துகொண்டு நாலாபக்கமும் கிளம்பும். மணலை வாய்நிறைய அள்ளிச் செவுள் வழியே உதிர்க்கும் கோபி மீன்களும் உண்டு, ஆனால் அவற்றுக்குப் பெரிய தொட்டி வேண்டும். கடல் அட்டை இந்த வேலையில் கெட்டிக்காரன் என்றாலும் இந்தியாவில் 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது.

அப்படியும் மட்டிதான் வேண்டும் என்றால், ஓட்டின் நீளத்தைவிட ஆழமாக நுண்மணல் போடுங்கள். உயிருள்ள நுண்பாசியைத் தவறாமல் ஊற்றுங்கள். மணலில் குழல்கள் தெரியும் இரண்டு துளைகளைத் தினமும் பாருங்கள். மட்டி மேலே வந்து வாய் பிளந்து கிடந்தால் விரலால் தொடுங்கள். மூடவில்லையென்றால் அந்த நிமிடமே வெளியே எடுத்துவிடுங்கள்.