திருகோணமலை வளவில் வெண் மல்பெரி: கிளையை வெட்டினால் பழம் வருவது எப்படி?

திருகோணமலையில் வெண் மல்பெரியை வளர்ப்பது எளிது. காய்க்க வைப்பதுதான் கடினம். நட்ட சில ஆண்டுகளுக்குள் கூரையைத் தாண்டி வளர்ந்து, நீண்ட கிளைகளும் அடர்ந்த இலைகளுமாக நிற்கும் மரத்தில் ஆண்டு முழுவதும் தேடினாலும் ஒரு கைப்பிடிப் பழம் கிடைக்காமல் போவதுண்டு. எரு போதவில்லை என்று எண்ணி மேலும் மாட்டெரு இட்டால் இலைதான் இன்னும் பெருகும். இதற்கான காரணம் மரத்தின் மொட்டுகளில் இருக்கிறது. அந்த மொட்டுகள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொண்டால், எந்த மாதத்தில் எங்கே வெட்ட வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

முசுக்கட்டை என்றும் அழைக்கப்படும் இந்த மரம் சீனாவைத் தாயகமாகக் கொண்டது. அங்கே குளிர்காலத்தில் இலைகள் முழுவதும் உதிர்ந்துவிடும். அதற்கு முன்பே ஒவ்வோர் இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்தில் ஒரு சிறிய மொட்டு உருவாகி, செதில்களால் மூடப்பட்டு, உறங்கத் தொடங்கியிருக்கும். அந்த ஒரே மொட்டுக்குள் அடுத்த ஆண்டின் தளிரும், தளிரின் அடிப்பகுதியில் பூக்க வேண்டிய பூந்துணர்களும் மிக நுண்ணிய அளவில் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. ஆகவே மல்பெரியில் பழம் எப்போதும் புதுத் தளிரோடு சேர்ந்தே வரும். பழம் வேண்டுமென்றால் மொட்டு விழிக்க வேண்டும்.

குளிர்நாட்டில் இளவேனில் தொடங்கியதும் எல்லா மொட்டுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழிக்கின்றன. இலையை உதிர்க்கும் குளிரோ, அதற்குப் பின்னால் வரும் இளவேனிலோ நமது கரையோரத்தில் கிடையாது. எனவே கிளையின் நுனி மட்டும் ஓயாமல் நீண்டுகொண்டே போக, பக்க மொட்டுகள் உறக்கத்திலேயே கிடக்கின்றன. நுனியிலுள்ள இளம் இலைகளில் உருவாகி அடிநோக்கி வழியும் ஒட்சின் என்ற வளர்ச்சிப்பொருள் அவற்றை அடக்கி வைக்கிறது. வேகமாக வளரும் நுனி கிளையிலுள்ள சர்க்கரையையும் தன்பக்கமே இழுத்துக்கொள்கிறது. நுனியைக் கிள்ளியவுடன் பக்க மொட்டுகளுக்குச் சர்க்கரை விரைந்து செல்வதும், ஒட்சின் அளவு அங்கே குறைவதற்கு முன்பே அவை அசையத் தொடங்குவதும் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தன. வேரிலிருந்து மேலேறும் சைற்றோகைனின் என்ற மற்றொரு வளர்ச்சிப்பொருளும் அந்த விழிப்புக்குத் துணை நிற்கிறது.

கத்தரிகோல் செய்வது இதைத்தான். கிளையின் நுனிப்பகுதியை வெட்டி, எஞ்சிய கிளையிலுள்ள இலைகளையும் காம்புக்கருகில் கிள்ளிவிட்டால், இலையுதிர் காலம் முடிந்துவிட்டதைப் போன்ற நிலை மரத்துக்கு ஏற்படுகிறது. தண்டிலும் வேரிலும் சேமிக்கப்பட்டிருந்த மாப்பொருள் சர்க்கரையாக மாறி மொட்டுகளுக்குச் செல்கிறது. இரண்டு வாரங்களுக்குள் தளிரும், அதன் அடியில் பச்சை நிறப் பூந்துணர்களும் ஒன்றாக வெளிப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பழம் கிடைக்கிறது. சேமிப்பை நம்பி நடக்கும் வேலை என்பதால், ஓராண்டுகூட நிறையாத இளமரத்தை இப்படி வெட்டக் கூடாது. அடுத்தடுத்து வெட்டினாலும் மரம் இளைத்துவிடும்.

எப்போது வெட்டுவது என்பதை நமது மழைதான் தீர்மானிக்க வேண்டும். திருகோணமலை ஆண்டுக்குப் பெறும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கும் மேற்பட்டது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அந்த நாட்களில் பழுக்கும் மல்பெரி நீர்ச்சுவை மிகுந்து, பூஞ்சணம் பிடித்து, பழுக்கும் முன்பே உதிரும். மே மாதத்துக்குப் பிறகு வீசும் கச்சான் காற்றோ வெப்பமும் வறட்சியும் நிறைந்தது. அப்போது வெட்டினால் மென்தளிர்கள் இழக்கும் நீரை வேர்களால் ஈடுசெய்ய முடியாமல் தளிர்களின் விளிம்பு கருகும். எனவே மாரி ஓய்ந்து, மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும் தை மாதக் கடைசியே மிகப் பொருத்தமான காலம் என்பது எனது உறுதியான கருத்து. அப்போது வெட்டினால், பங்குனி வெயிலில் பழத்தில் இனிப்பு நன்றாகக் கூடும்.

மரத்தைத் தொடங்குவதற்கு விதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மல்பெரியில் ஆண்பூக்களும் பெண்பூக்களும் பெரும்பாலும் வெவ்வேறு மரங்களில் இருப்பதால், பல ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த நாற்று ஆண்மரமாகவே முடியலாம். நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து, பென்சில் தடிப்பமும் மூன்று அல்லது நான்கு மொட்டுகளும் கொண்ட முற்றிய தடியை 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, இலைகளை நீக்கி, இரண்டு மொட்டுகள் மண்ணுக்குள் இருக்குமாறு நடலாம். தடியில் ஒட்சின் அடிமுனையை நோக்கியே செல்லும். அங்கே அது தேங்குவதால்தான் வேர் பிறக்கிறது. தலைகீழாக நட்ட தடி பெரும்பாலும் வீணாவதற்கும் இதுவே காரணம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: நட்ட பத்துப் பன்னிரண்டு நாட்களில் தோன்றும் பச்சைத் தளிர் தடியின் சேமிப்பில் விரிந்தது, வேர் பிடித்ததற்கு அது சான்றாகாது. அப்போது பிடுங்கிப் பார்ப்பதும், நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றுவதும் தடியைக் கொன்றுவிடும். ஐப்பசி மழையோடு நட்டால் காற்றின் ஈரப்பதம் உயர்ந்திருப்பதால் இந்த இடைக்காலத்தை அது தாங்கிக்கொள்ளும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் நீரும் சத்தும் வெகு விரைவில் கீழிறங்கிவிடும். அங்கே குழியின் அடியில் பொச்சுமட்டையை அடுக்கி, அதன்மேல் கூட்டெருவும் மண்ணும் நிரப்பி நடுவது பயனளிக்கும். தும்பு தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருந்து வேர்களுக்குக் கொடுக்கிறது. கடலோரக் கிணறுகளின் சிறிதளவு உவர்ப்பை மல்பெரி பொறுத்துக்கொள்ளும். கோடையில் உவர்ப்பு ஏறும்போது இலை விளிம்புகள் பழுப்பாகும். வேர்கள் வலியவை என்பதால் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் சுவருக்கும் நன்கு விலகியே நட வேண்டும்.

பூவைப் பார்ப்போம். வண்ணமோ மணமோ இல்லாத இந்தப் பூக்கள் வண்டுகளை அழைப்பதில்லை, காற்றையே நம்புகின்றன. ஆண்பூவில் ஒவ்வொரு மகரந்தத்தாளும் மொட்டுக்குள்ளேயே உட்புறம் வளைந்து இறுகியிருக்கும். பூ உலர்ந்து பிடி தளர்ந்த கணத்தில், இழுத்துவிட்ட கவண் போல நிமிர்ந்து மகரந்தத்தை வீசும். 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், அதிவேக ஒளிப்படக்கருவி மூலம் இந்த அசைவு அளக்கப்பட்டது: ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 25 பங்குக்குள் அது முடிந்துவிடுகிறது, அதன் வேகம் ஒலியின் வேகத்தில் பாதியை விஞ்சுகிறது. அசையாமல் நிற்கும் ஒரு மரத்தில் இப்படியொரு வேகம் ஒளிந்திருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் வளவில் பழம் பெறுவதற்கு இந்த வேகம் கட்டாயமல்ல. பல பெண் மரங்கள் மகரந்தம் கிடைக்காவிட்டாலும் விதையற்ற பழங்களைத் தருகின்றன.

பழம் என்று நாம் பறிப்பது ஒரு பூவிலிருந்து உண்டானதன்று. ஒரு பூந்துணரிலுள்ள பல பெண்பூக்களில், ஒவ்வொன்றின் நான்கு பூவுறை இதழ்களும் சாறு நிரம்பிப் பருத்து, நடுவிலுள்ள சின்னஞ்சிறு கனியை மூடிக்கொள்கின்றன. அந்தக் குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதே மல்பெரிப் பழம். பலாவும் ஈரப்பலாவும் இதே குடும்பத்தவை. நாம் உண்ணும் பலாச்சுளையும் பருத்த பூவுறைதான். தடித்த தோல் எதுவும் இல்லாமல் மென்மையான பூவுறைகளே வெளிப்புறமாக அமைந்திருப்பதால், பறித்த மல்பெரி ஒரு நாளுக்குள் நசிந்துவிடும்; சந்தையில் அது அரிதாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். வெண் மல்பெரி இனத்திலேயே வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஊதா நிறங்களில் பழம் தரும் மரங்கள் உண்டு. கரும்பழத்தின் நிறம் அந்தோசயனின் என்ற பொருளால் வருவது. அது உடையில் பட்டால் எளிதில் போகாது. கொடியில் துணி காயும் பக்கத்தில் வெள்ளைப் பழ மரத்தையே நடுவது நல்லது.

இலையைக் கிள்ளினால் வடியும் பாலில் டியொக்சிநொஜிரிமைசின் போன்ற பொருள்கள் உள்ளன. குளுக்கோசை ஒத்த வடிவம் கொண்ட அவை, சர்க்கரையை உடைக்கும் நொதியங்களில் போய்ப் பொருந்தி அவற்றை முடக்குவதால், பல புழுக்களுக்கு இந்த இலை நஞ்சாகிறது. பட்டுப்புழுவின் நொதியங்கள் மட்டும் அவற்றுக்கு மசிவதில்லை. மனிதக் குடலிலும் அதே முடக்கம் ஓரளவு நிகழும் என்பதால், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மல்பெரி இலைத் தேநீரை வைத்தியரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது. பால் இருந்தும் மாவுப்பூச்சி தளிர் நுனிகளைச் சுருட்டத்தான் செய்யும். சுருண்ட நுனியை வெட்டி எரித்துவிடுவதே போதுமான வைத்தியம். மணல் நிலத்தில் வேர்முடிச்சுப் புழுக்கள் கூடுதலாகத் தொல்லை தரும். கூட்டெரு நிறைந்த மண்ணில் அவை அடங்கியிருக்கும்.

தை மாதத்தில் வெட்டிய கிளைகளை எறிந்துவிட வேண்டாம். முற்றிய பகுதிகளைத் தடிகளாக்கி ஈரத்துணியில் சுற்றி அயலவருக்குக் கொடுக்கலாம். மென்கிளைகளை ஆட்டுக்குப் போடலாம். உலர்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் கொண்ட இலைகளை ஆடுகள் மிக விரும்பித் தின்னும்.