ஸ்டீபிள்சேஸ்: 35 தடைகள் நேரத்தை எங்கே பறிக்கின்றன?

ஆடவர் 3,000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை, நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சென் 2024இல் எட்டிய 7 நிமிடம் 17.55 விநாடி. அதே தொலைவைத் தடைகளோடு கடக்கும் ஸ்டீபிள்சேஸில் எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மா 2023இல் படைத்த சாதனை 7 நிமிடம் 52.11 விநாடி. வேறுபாடு ஏறத்தாழ 34.5 விநாடி, தடைகளோ 28 சாதாரணத் தடைகளும், அப்பால் நீர்க்குழி கொண்ட 7 நீர்த்தடைகளுமாக 35. ஓடியவர்கள் இருவர் என்பதால் இது கறாரான கணக்கு அல்ல என்றாலும், தடை ஒன்றுக்கு ஒரு விநாடி இழப்பு என்று கொள்ளலாம்.

ஆடவர் தடையின் உயரம் 91.4 செ.மீ.; மகளிருக்கு 76.2 செ.மீ. தாண்டும் உயரம்தான் நேரத்தைத் தின்கிறது என்று முதலில் தோன்றும். 60 கிலோ எடையுள்ள வீரர் தம் உடலை ஓட்ட நிலையிலிருந்து 30 செ.மீ. கூடுதலாக உயர்த்துகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு தாண்டலுக்குச் சுமார் 176 ஜூல் ஆற்றல் தேவை. தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்கே வேலையாக மாறுகிறது என்பதையும் சேர்த்தால், 35 தடைகளுக்கும் மொத்தம் ஏறத்தாழ 6 கிலோகலோரி ஆகும். அவர் 3 கிலோமீட்டர் ஓடச் செலவிடுவதோ சுமார் 180 கிலோகலோரி. ஆக, உயரத்தின் பங்கு 3 அல்லது 4 விழுக்காடுதான். நேர இழப்போ 8 விழுக்காட்டை நெருங்குகிறது.

மீதி இழப்பு வேகத்தில் நிகழ்கிறது. விநாடிக்கு 6.1 மீட்டர் வேகத்தில் வருபவர், தடையருகே தயங்கி 5.6 மீட்டருக்கு இறங்கினால், அவர் இழக்கும் இயக்க ஆற்றலும் ஏறத்தாழ 176 ஜூல்தான். அதை அவர் மீண்டும் ஈட்டியாக வேண்டும். அழகர்கோவில் சாலையில் செல்லும் டவுன் பஸ், வேகத்தடையின் மேல் ஏறுவதற்குச் செலவிடும் டீசல் சொற்பம். பிரேக் பிடித்தபின் பழைய வேகத்துக்குத் திரும்பத்தான் அது டீசலைக் குடிக்கிறது. ஆகவே ஸ்டீபிள்சேஸ் பயிற்சியில், எவ்வளவு உயரம் எம்புகிறார் என்பதைவிட, தடைக்கு முந்தைய பத்துப் பதினைந்து மீட்டரில் காலடி தடுமாறுகிறதா என்பதையே நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடைகளுக்கிடையே மூன்றே காலடிகள் என்று அளந்து வைத்து ஓட முடியும். இங்கே இடைவெளி 80 மீட்டரை ஒட்டியது. களைப்பு ஏற ஏறக் காலடியின் நீளம் மாறும். முன்னால் ஓடுபவர்களின் முதுகு தடையை மறைக்கும். எனவே இடக்காலாலும் வலக்காலாலும் எம்பத் தெரிந்திருக்க வேண்டும். தடையோ 80 முதல் 100 கிலோ எடை கொண்டது; கால் பட்டால் சாயாது, ஓடுபவர்தான் சாய்வார்.

நீர்த்தடை தனிக் கலை. தடைக்கு அப்பாலுள்ள குழியில் தடையருகே ஆழம் மிகுதி. ஓடுதளத்தை நோக்கிச் செல்லச் செல்ல அடிப்பகுதி சரிவாக மேலெழும். பெரும்பாலோர் கட்டையின் மேல் ஒரு காலை ஊன்றி, முழங்காலை மடக்கி உடலைத் தாழ்வாக வைத்தபடியே முன்னோக்கி உந்தி, ஆழம் குறைந்த இடத்தில் ஒரு காலால் இறங்குவார்கள். உயரமாக எம்பினால் இறங்கும் விசை கூடும். குறைவாக உந்தினால் ஆழத்தில் விழுந்து வேகம் அறுபடும்.

இதைக் கற்று முன்னேறிய வாழ்க்கைக்கு அவினாஷ் சாப்ளே நல்ல சான்று. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 1994இல் பிறந்த அவர், ராணுவத்தில் சேர்ந்து, கரடுமுரடான திறந்தவெளியில் ஓடும் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து (கிராஸ் கன்ட்ரி) இந்தப் பிரிவுக்கு வந்தவர். கோபால் சைனி 1981இல் படைத்த 8:30.88 என்ற தேசியச் சாதனையை 2018இல் முறியடித்து, 2024இல் பாரிஸில் அதை 8:09.91 வரை கொண்டுசென்றார். 2022 காமன்வெல்த் போட்டியில் 0.05 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டவரும் அவரே. 2025 ஜூலையில் மொனாக்கோவில் நீர்த்தடையில் விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்தது. உச்சத்தில் இருப்பவருக்கும் இந்தக் குழி ஆபத்தானது.

மதுரையிலிருந்து ஒலிம்பிக் சென்ற சக்கிமங்கலம் ரேவதி வீரமணி 400 மீட்டர் ஓட்டக்காரர். இவ்வட்டாரத்தில் ஸ்டீபிள்சேஸை நாடும் பிள்ளைகள் குறைவு. நீர்க்குழி இல்லாத பள்ளி மைதானத்தில் நீளம் தாண்டும் மணற்குழியின் முன்னே தடையை நிறுத்திப் பழக்கலாம். கட்டையின் மேல் காலூன்றுவதும் தாழ்வாக உந்துவதும் அதிலேயே பிடிபடும். ஆனால் மணல் வழுக்காது, காலணியில் ஏறி எடை கூட்டாது. எனவே போட்டிக்கு முன்பு சில வாரங்களாவது நீர்க்குழியுள்ள மைதானத்தில் நனைந்த காலணியோடு ஓடிப் பழகியாக வேண்டும்.